தொட்டிக்கு விட்ட இடம்

“ஏம்மா பெரில், உன் வீட்டுக்காரன் ஒரு இடத்தைக் கோட்டை விட்டுட்டான் பாரு.”

பக்கத்து வீட்டு ஸ்டான் கிழவர், பனி தள்ளிக்கொண்டிருந்த மண்வெட்டியைத் தூக்கிக் கூரையைக் காட்டினார்.

ஹாலிஃபாக்ஸின் அந்தத் தெருவில் பனி பெய்து ஓய்ந்ததும் எல்லோரும் அடுத்தவர் கூரையைத்தான் பார்ப்பார்கள். பனி அப்படியே கிடந்தால் கூரைக்கு அடியிலுள்ள பரணில் கண்ணாடிப் பஞ்சு விரித்திருக்கிறார்கள், வீட்டுச் சூடு வீட்டுக்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். உருகிப்போயிருந்தால் அந்த வீட்டுக்காரர் காசைக் கொட்டி வானத்தைக் குளிர்காய வைக்கிறார்.

பெரிலின் கூரை முழுக்க வெள்ளை. நடுவில் மட்டும் ஒரு கதவளவுக்குக் கறுப்பாக ஓடு தெரிந்தது.

அதற்கு நேர் கீழே அவளுடைய படுக்கையறை.

நெவிலைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே அந்த அறையில் அவளுக்குக் குளிர் விட்டதில்லை. கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு படுத்தாள். தலைக்கு மேலே வேறு, யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது போல ஒரு சத்தம்.

“பழைய மரம். குளிர்ல சுருங்குது. நீ சுருங்கலையா?” என்பான் நெவில்.

அது டோரீனின் அறை. டோரீன் அவனுடைய முதல் மனைவி. அங்கேதான் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தாள். பெரில் சண்டை போட்டுக் கட்டிலை மாற்றினாள். குளிரை மாற்ற முடியவில்லை.

நச்சரித்து நச்சரித்து இந்த வருஷம்தான் அவனைப் பரணில் ஏற்றினாள். ஏறியபின் வேலையில் குறை சொல்ல முடியாது. சட்டங்களுக்கு நடுவே பஞ்சு விரித்தான். பஞ்சு அமுங்கினால் சூடு நிற்காதென்று குட்டைக் கால்கள் வைத்து, அதன்மேல் பலகை அடித்தான். கிறிஸ்துமஸ் அலங்காரம், காலிப் பெட்டிகள் என்று கனமில்லாத சாமான்களெல்லாம் மேலே போயின.

பெரிலை மட்டும் ஏற விடவில்லை. கால் தவறினால் மச்சைப் பொத்துக்கொண்டு கட்டிலில் வந்து விழுவாய் என்று கேலி செய்தான்.

அதன் பிறகும் படுக்கையறை சில்லிட்டே கிடந்தது. கேட்டால், பரணில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பஞ்சு போடக்கூடாது, கீழிருந்து சூடு போகாவிட்டால் தொட்டி உறைந்துவிடும் என்றான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவள் நம்பினாள்.

“கோட்டை எல்லாம் விடல. அது தொட்டிக்கு விட்ட இடம்,” என்றாள் ஸ்டானிடம்.

“எந்தத் தொட்டி? புது பாய்லர் வந்தப்பவே நானும் அவனும் அதை ரெண்டா அறுத்து இறக்கிட்டோமே. டோரீன்தான் டீ போட்டுக் குடுத்தா. ஒரு பாதியில இப்ப உருளைக்கிழங்கு போட்டிருக்கேன், வந்து பாரு.”

நெவில் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். பெரில் உள்ளே போய்ப் பரண் கதவைத் திறந்து ஏணியை இழுத்தாள்.

மேலே எல்லாம் ஒழுங்காக இருந்தது. நடுவில் மட்டும் பஞ்சும் இல்லை, பலகையும் இல்லை. மூச்சு விடுவது போல அங்கிருந்து வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பலகையின் ஓரத்தை அவன் இழைத்து வழவழப்பாக்கியிருந்தான், உட்கார்ந்தால் உறுத்தாத மாதிரி.

ஓரத்தில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு. பெண்கள் செருப்பு. அடுப்பருகே கால் நீட்டிக் குளிர்காய்கிறவர் கழற்றி வைத்தது போல, முனை அந்தக் குழியைப் பார்த்தபடி இருந்தது.

பெரிலுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் நான் நடுங்கியது அந்த டோரீன் குளிர்காயத்தானா?

மூலையில் மீந்து கிடந்த பஞ்சுச் சுருளை இழுத்துவந்து குழியில் விரித்தாள். சந்துபொந்து விடாமல் ஓரமெல்லாம் கையால் செருகினாள். செருப்பைத் தொடவில்லை.

அன்றைக்குத்தான் படுக்கையறை முதன்முதலாகச் சூடேறியது. கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டபோது, அந்த வீடு தனக்கே ஆகிவிட்டது போல இருந்தது அவளுக்கு. மேலே ஒரு சத்தமும் இல்லை.

மறுபடியும் பனி பெய்தது.

காலையில் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நெவில் தெருவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கூரை ஒரு புள்ளிகூட இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. அவன் தொப்பியில் பனி சேருமளவுக்கு நின்றான்.

உள்ளே வந்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். முட்டை பொரிந்துகொண்டிருந்தது. அவன் பூட்ஸைத் தட்டிவிட்டு மாடியேறினான்.

பரண் கதவு திறந்தது. ஏணி சறுக்கி இறங்கியது.

பிறகு அவன் குரல். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒருமுறைகூட அவள் கேட்டிராத அளவுக்குக் கனிந்த குரல்.

“கீழ வந்துடு கண்ணு. மேல இனிமே உனக்குக் குளிரும்.”

பெரில் கரண்டியும் கையுமாக மாடிப்படி அடிக்கு ஓடிவந்தாள்.

ஏணியின் மேல்படி முனகியது. அதற்கடுத்த படி முனகியது.

நெவில் ஏணிக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தான், அது ஆடிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி.