கட்சி மாறிய மச்சினன்

"கை எங்கடா போகுது?"

ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரை நோக்கி நீண்ட மச்சினனின் கை அப்படியே நின்றது. மைக் வயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தார் சவுண்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல மாமா. தூசு."

"தூசு தட்டுறவன் திருகைத் திருக மாட்டான்."

இது முதல் தடவை இல்லை. போன நிகழ்ச்சியிலும் பார்த்தார், அதற்கு முந்தியதிலும் பார்த்தார். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், பயல் மிக்ஸரில் கை வைத்துவிடுகிறான். மனைவியின் தம்பியாயிற்றே என்று தொழிலில் சேர்த்துக்கொண்டால், உட்கார்ந்திருக்கிற நாற்காலியையே பிடுங்கப் பார்க்கிறான்.

"இன்னிக்கு நிகழ்ச்சி முடிஞ்சதும் வயரைச் சுத்தி வெச்சிட்டுக் கிளம்பு. நாளையிலிருந்து நீ வர வேண்டாம். உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சரி மாமா" என்றான் மச்சினன். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முன்பெல்லாம் இவன் இப்படியா இருந்தான்? இரண்டு பேருக்கும் ஒரே கிட்டார்காரன் மேல் பைத்தியம். ஆள் பனைமர உயரம் என்பதால் ரசிகர்கள் அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்திருந்தார்கள். நெட்டையன் ராக் பேண்டில் இருந்தபோது வந்த ஆல்பங்கள்தான் இசை என்பது சவுண்டுக்காரர் கட்சி. பேண்டை விட்டுவிட்டுத் தனியாகப் போட்டவைதான் இசை என்பது மச்சினன் கட்சி. வேனில் ஏறினால் இறங்கும்வரை சண்டை. இருவரும் முகம் கொடுத்துப் பேசாததால், அவர் மனைவி தனித்தனியாகச் சாப்பாடு போட்ட நாளும் உண்டு.

நெட்டையனின் புதுத் தனி ஆல்பம் வந்த அன்று வேனிலேயே போட்டுக் கேட்டார்கள். "கடைசிப் பாட்டு முடியற இடத்துல ஒண்ணுமே இல்லையேடா" என்றார் இவர். பயல் கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்தான். பிறகு, "ஆமா மாமா, ஒண்ணுமே இல்ல. நீங்க சொல்றதுதான் சரி" என்றான். அன்றோடு கட்சி மாறிவிட்டான்.

அன்றைக்கு இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அது ஐஸ் வைக்கிற வேலை என்று இப்போதல்லவா புரிகிறது.

ஏணியிலிருந்து இறங்கி வந்தாள் லைட் போடுகிற பெண். அரங்கத்துக்குப் புதியவள். பனியனில் நெட்டையன் படம்.

"நீ எந்தக் கட்சிம்மா?" என்றார் சவுண்டுக்காரர்.

"தனி ஆல்பம்தான் அண்ணே. புதுசுல கடைசிப் பாட்டு இருக்கே, எல்லாரும் நிறுத்தின பிறகு அவர் மட்டும் மேல மேல போவாரே. எனக்கு ஒவ்வொரு தடவையும் அழுகை வந்துடும்."

"எது, டிரம்ஸ் நின்னதும் அரை நிமிஷம் சும்மா கிடக்குமே, அதுவா? வாசிக்கச் சோம்பல்பட்டு விட்டுட்டான்மா. பேண்டா இருந்தா மத்தவங்க விட்டிருப்பாங்களா?"

பெண் சிரித்தாள். "என்ன அண்ணே, ஓட்டறீங்களா?"

"ஓட்டல. நீயே போட்டுக் காட்டு, பார்க்கலாம்."

மச்சினன் குறுக்கே வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "அதை விடுங்க மாமா. நேரமாச்சு, மைக் செக் பண்ணலாம்."

"நீ சும்மா இருடா. போடும்மா."

அவள் போனை இணைத்தாள். அரங்கம் முழுக்கப் பாட்டு நிறைந்தது. கடைசியில் டிரம்ஸ் நின்றது. பேஸ் கிட்டார் நின்றது.

சவுண்டுக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "பார்த்தியா? கிட்டார் எங்கேம்மா?"

அவள் கண்ணை மூடியிருந்தாள். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய நாற்காலியோடு நின்று ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் மிக்ஸரைப் பார்த்தார். சத்தம் இல்லாவிட்டால் மீட்டர் அணைந்து கிடக்க வேண்டும். அதில் பச்சை விளக்குகள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அவர் மெல்லிய கீச்சு ஒலியைத் தூக்கிக் காட்டுகிற ட்ரெபிள் திருகைப் பிடித்து, கடைசிவரை திருகினார்.

நாற்காலிக்காரர்கள் நாற்காலியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெண் "அண்ணே, போதும்" என்று கத்தினாள். அவள் கத்தியது அவருக்குக் கேட்டது. கிட்டார் கேட்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, அதே திருகைப் பதமாக இறக்கியது. இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை.

அரங்க மேனேஜர் முன்பெல்லாம் ஓடி வந்து, "காது கிழியுதுய்யா" என்று சண்டை போடுவார். கொஞ்ச நாளாக அந்தச் சண்டையே இல்லை. புது வயர் வாங்கிப் போட்டதால்தான் சரியாகிவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இதைத்தான் திருகிட்டு இருந்தியா?"

மச்சினன் தலையசைத்தான்.

"வேன்ல, அன்னிக்கே தெரிஞ்சு போச்சா?"

"ம்."

"வேற யாருக்குடா தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மாமா. அக்காகிட்டகூடச் சொல்லல. வெளியில தெரிஞ்சா உங்களை யார் கூப்பிடுவாங்க?"

சவுண்டுக்காரர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். காதை நம்பியே இத்தனை வருஷம் சாப்பிட்டவர். பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

பிறகு எழுந்து, இன்னொரு நாற்காலியை இழுத்து மிக்ஸருக்கு முன்னால் போட்டார்.

"உக்காரு. நாளைக்குக் காலையில வந்துடு, காது டாக்டர்கிட்ட போகணும்."

மச்சினன் உட்கார்ந்தான்.

"அந்தக் கடைசி இடத்துல நெட்டையன் என்னதான்டா வாசிக்கிறான்? எனக்காகச் சொல்லாத. உள்ளதைச் சொல்லு."

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய கட்சிக்கே திரும்பினான்.

"உங்க பேண்டு ஆல்பமெல்லாம் இது கிட்டயே நிக்க முடியாது மாமா."