மீட்டருக்குக் கண் தெரியவில்லை

மோட்டார் பட்டறை மேசையில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் இரண்டு பழைய கெப்பாசிட்டர்கள் கிடந்தார்கள். வயிறு உப்பியவன் குண்டன், ஒல்லியானவன் நெட்டையன். இருவர் உடம்பிலும் ‘முப்பத்தாறு மைக்ரோபாரட்’ என்று கொள்ளளவு அச்சடித்திருந்தது. சோதனையில் அந்த அளவு காட்டித் தேறினால் மோட்டாருக்குள் போகலாம், தேறாவிட்டால் குப்பைக்கூடைதான்.

மல்டிமீட்டர் முதலில் குண்டனின் இரு கால்களையும் தொட்டுப் பார்த்தது. “ஒன்பதுதான் வருது, அண்ணே” என்றது.

குண்டனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உனக்குக் கண் தெரியலையா? என் சட்டையில எழுதியிருக்கிறதைப் படிச்சுப் பாரு! பேட்டரி செத்ததெல்லாம் என்னை அளக்க வந்துடுச்சு!”

மீட்டர் நெட்டையனிடம் போனது. “எட்டு” என்றது.

குண்டனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்படிப் போடு! என்ன கரெக்டான மீட்டர்! இவன்மேல எனக்கு அப்பவே சந்தேகம்தான்.”

சற்று நேரத்தில் இருவரும் கூடைக்குள் விழுந்தார்கள். அங்கே கிடந்த துருப்பிடித்த பேரிங் ஒன்று, “ரெண்டு பேரும் தோத்துட்டீங்களாப்பா?” என்று விசாரித்தது.

குண்டன் உப்பிய வயிற்றை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினான்.

“இவனைவிட எனக்கு ஒண்ணு ஜாஸ்தி. சந்தேகம்னா அந்த மீட்டரையே கேட்டுப் பாரு!”