கலி முடியும்வரை

"செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்கண்ணே. ஒரு அத்தியாயம் கேட்டாத்தான் உள்ளே விடுவேன்."

டாலாவிலிருந்து சம்பான் படகு பிடித்து ஆற்றைத் தாண்டி, லத்தா பேட்டையில் மூன்று மாடி ஏறி வந்த கோபிகிருஷ்ணனுக்கு மூச்சு வாங்கியது. தங்கை நீலாம்பாள் வாசற்படிக்கு உள்ளே பலகை போட்டு, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை கனத்தில் ஒரு புராணப் புத்தகம்.

"கூடப் பொறந்தவனுக்குமா?"

"யமனே வந்தாலும் அப்படித்தான்."

ஊரில் பேசிக்கொண்டது பொய்யில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பர்மாவில் முப்பத்தைந்து வயது வரை உள்ள ஆண்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துப்போகிறார்கள் என்றதும், நீலாவின் ஒரே மகன் உதயசூரியன் தாய்லாந்துக்கு ஓடிப்போனானாம். அவனுக்கு முப்பத்துமூன்று. அவன் போன மாதமே இவளுக்குப் பித்துப் பிடித்தது. பேஸ்புக்கில் எவனோ ஒரு சாமியார், வருகிற பௌர்ணமியோடு கலியுகம் முடிகிறது என்றான். பௌர்ணமி போனது, அடுத்த பௌர்ணமி என்றான். இவள் அரிசி மூட்டைகளை வாங்கிப் பின்னறையில் உத்தரம் வரை அடுக்கினாள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினாள். காலையும் மாலையும் தெருவே கேட்கும்படி பாராயணம் வேறு. வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டியதில், அந்தப் படிக்கட்டில் ஆள் ஏறுவதே நின்றுவிட்டது. போன வாரம் வார்டு தலைவரே மாட்டிக்கொண்டு, கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாராம்.

கோபிகிருஷ்ணனுக்குச் சாமியும் கிடையாது, சாஸ்திரமும் கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாச் சாமியார்களையும் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். வாயில் வந்ததை அடக்கும் வழக்கமே அவரிடம் இல்லை. அப்பேர்ப்பட்டவரின் தங்கை இப்படி ஆனதில் வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாகப் பயம். பூகம்பம் வரும் என்று சொன்ன ஜோசியக்காரரையே பிடித்து உள்ளே போட்ட நாடு இது. இவளை மட்டும் விட்டுவைப்பார்களா?

"உன் புஸ்தகத்துலயே கலியுகம் நாலு லட்சத்துச் சொச்சம் வருஷம்னு போட்டிருக்கு. ஐயாயிரம்தான் ஆகியிருக்கு. பகவானுக்கே அவசரமில்ல, உன் பேஸ்புக் சாமியாருக்கு என்ன அவசரம்?"

அவள் பக்கத்தைத் திருப்பி, சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். கோபிகிருஷ்ணன் முடிவுக்கு வந்துவிட்டார். இன்று மாலைச் சம்பானிலேயே அவளை டாலாவுக்கு அழைத்துப்போக வேண்டியது. அரிசியைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்ட வேண்டியது. அதைச் சொன்னதும் முதல் முறையாக அவள் முகம் வெளிறியது.

"பூட்டப் போறீங்களா?"

"பூட்டிச் சாவியை நானே வச்சுக்கறேன்."

பலகையைத் தாண்டிப் பின்னறைப் பக்கம் அவர் நடக்கவும், புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், எவ்வளவு முற்றிவிட்டது என்று அவருக்குக் கண் கலங்கியது.

அதே நேரத்தில் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நீலாம்பாள் மறுபடி பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வார்டு தலைவர் ஊ சோ நைங் வாசலில் நின்றார். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். வீடு வீடாகச் சோதனை என்றார். புத்தகத்தைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கி, உட்கார நேரமில்லை என்று முந்திக்கொண்டு பர்மியத்தில் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். தேர்தல் வருகிறது, ஒரு சின்ன உதவி வேண்டுமாம்.

"நீலாம்மா, கலி முடிஞ்சதும் நல்ல ராஜா வருவார்னு உங்க வேதத்துல இருக்காமே. அது எங்க வேட்பாளர்தான்னு கோயில்ல பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கோபிகிருஷ்ணன் வாயைத் திறந்தார். நீலாம்பாள் அவர் காலை அழுத்திக் கிள்ளினாள்.

"இருக்கு. அவர் பேரோடயே இருக்கு," என்றாள் கூசாமல். "நான் சொல்றேன். ஆனா பின்னறையில விரதம் நடக்குது. பூட்ஸ் கால் பட்டா எதுவும் பலிக்காது. சோதனைதான்னா, தம்பிங்க உக்காந்து மூணு அத்தியாயம் கேட்டு, சுத்தமாகிட்டு உள்ள போகட்டும். நீங்களும் உக்காருங்க."

புத்தகத்தை விரித்தாள். ஊ சோ நைங்கின் கை தானாக முழங்காலுக்குப் போனது. சிப்பாய்களிடம் திரும்பி, தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டி, இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றார். மூவரும் நான்காம் மாடிக்கு ஏறிவிட்டார்கள்.

கோபிகிருஷ்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வேதத்தைக் கொண்டுபோய் ஓட்டுப்பெட்டியில போடறியே, வெக்கமா இல்ல? இந்தப் புளுகையெல்லாம் நெசமாவே நம்பறியா நீ?"

அவள் கதவைத் தாழிட்டாள். தாழின்மேல் கையை வைத்தபடியே நின்றாள். மேல்மாடிக்குப் போன பூட்ஸ் சத்தம் திரும்பி இறங்கி, தெருவுக்குப் போய் ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"எனக்கும் கணக்குத் தெரியும்ணே. கலி முடிய இன்னும் நாலு லட்சம் வருஷம் ஆகட்டும். எனக்கு ரெண்டு வருஷம் போதும். உங்க டீக்கடைக்குப் பயந்துதான் உங்ககிட்டகூடச் சொல்லல."

"ரெண்டு வருஷத்துல அப்படி என்ன முடியுது?"

"பட்டாளத்துக்குப் பிடிக்கிற வயசு," என்றபடி பின்னறைக்குப் போய், ஓர் அரிசி மூட்டையை நகர்த்திச் சுவர்ப் பக்கம் குனிந்தாள். "உதயா, போயிட்டாங்க. வெளிய வாப்பா, மாமா வந்திருக்காரு."