மகனைச் சேவித்தது

கொம்பையா முட்கிளையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "குனிஞ்சு வாங்கய்யா" என்றான்.

நான் குனியவில்லை. தோளில் கீறியது.

எனக்குப் பின்னால் புருஷோத்தமன் நன்றாகக் குனிந்து வந்தார். என் பெண் ப்ரியம்வதாவைத் தன் பிள்ளைக்குக் கேட்டிருப்பவர். முகூர்த்தம் குறிக்கக் காலையில் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கொம்பையா எங்கள் வாசலில் வந்து நின்று, "சாமி ஒங்களப் பாக்கணும்னு சொன்னாவ" என்றான்.

சாமி என்றால் என் மகன் பார்த்தா.

"உம்மாத்து சன்யாசியா? நானும் வந்து சேவிச்சுக்கறேன் ஓய்" என்று புருஷோத்தமன் மேல்வேஷ்டியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் கடைசிச் சுற்றுச்சுவரைத் தாண்டினால் முள்காடு. அதற்கப்பால் பாறை. இரண்டு வருஷமாகப் பார்த்தா அங்கேதான் தனியாக இருக்கிறான்.

கார் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தான். நாள் முழுக்கக் கார் கதவுகளில் கீறல் தேடுகிற வேலை. "எதுக்காகத் தேடறேன்னு தெரியலைப்பா" என்று ஒருநாள் சொன்னான். நல்ல சம்பளம், இதற்குமேல் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன். அடுத்த வாரம் ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸில் ஏறாமல் காட்டுக்குள் நடந்துவிட்டான்.

விடியற்காலையில் கோவில், பிறகு கம்பெனி. அதில் இல்லாத அர்த்தம் முள்ளுக்குள் கிடக்கிறதாம்.

சன்யாசம் என்று அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூரில் நான்கு தலைமுறையாகப் பெருமாள் முன்னால் நின்று பிரபந்தம் சொல்கிற குடும்பம் எங்களுடையது. பிள்ளை வேலையை விட்டு ஓடிப்போனான் என்று கோவிலில் நின்று சொல்ல முடியாது. துறந்தான் என்று சொல்லலாம். ஊர் கைகூப்பியது.

முன்னால் போன கொம்பையா திரும்பினான். அவன் பார்த்தாவின் லைனில் வேலை செய்தவன். "அப்பம்லாம் ஒரு கீறலக்கூட உடமாட்டாவ. நாங்க ஏசாத நாளு கெடையாது. இப்பம் என்னன்னா, ஹாஸ்டல் சோத்தக் கொண்டாந்து வச்சு நாங்களே கும்புடுதோம்."

புருஷோத்தமன் சிரித்தார். "எம்பிள்ளையை இங்க விட்டா, சார்ஜரை எங்க சொருகறதுன்னு முதல்ல கேப்பான்." பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "சன்யாசம் வாங்கிண்டு ஆத்துக்குத் திரும்பி வந்தவாளும் இருக்கா ஓய். எங்க தெருவுலயே ஒரு குடும்பம். அப்பறம் அந்தாத்துல யார் பெண் எடுத்தா?"

"எங்காத்துல அப்படி நடக்காது" என்றேன்.

பாறை நிழலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. பார்த்தா எங்களைக் கண்டதும் எழுந்தான். தாடிக்குள் முகம் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. மேலே கம்பெனிச் சட்டை. சாயம் போயிருந்தாலும், பையில் தைத்த முத்திரை தெரிந்தது.

புருஷோத்தமன் பார்வை அங்கேயே நின்றது. "காஷாய வஸ்திரம் காணோமே?"

நான் பதில் தேடுவதற்குள் பார்த்தா பாறையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். என் காதருகில் ஏதோ சொன்னான். புருஷோத்தமன் அப்போது செருப்பைக் கழற்றக் குனிந்திருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

நான் மேல்வேஷ்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். என் மகன் காலில் விழுந்தேன்.

பிள்ளை துறவியாகிவிட்டால் பெற்ற தகப்பனும் விழத்தான் வேண்டும். எங்கள் முறை அது. துறவி தன்னைச் சேவித்தவனை வாழ்த்துவதில்லை. பெருமாள் பெயரை மட்டும் சொல்வார். சன்யாசி என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். புருஷோத்தமனுக்கும் அது தெரியும். அவர் காத்துக்கொண்டு நின்றார்.

அதை விட்டு, "எழுந்திருங்கோப்பா" என்று பார்த்தா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ப்ரியம்வதாவின் கல்யாணம் அந்தப் பாறையோடு முடிந்தது.

பாறை சுட்டது. நான் நெற்றியை எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்தது. அவன் கால் விரல்கள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. வெடித்து, மண் அடைத்துக் கிடந்தன. அவன் கை என் தோளுக்குக் கிட்டே வந்தது. அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது.

"நாராயணா" என்றான்.

எழுந்து பின்னால் ஒதுங்கினேன். அடுத்துப் புருஷோத்தமன் தடாலென்று விழுந்தார். கொம்பையாவும் விழுந்தான். விழுந்து கிடந்த அந்த இருவருக்கும் அப்பால் நின்றுகொண்டு பார்த்தா என்னையே பார்த்தான்.

நான் திரும்பி நடந்தேன்.

லாரிகள் போகிற சாலைக்கு வந்ததும் புருஷோத்தமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெத்தவரே விழறதைப் பார்த்தப்பறம் எனக்கென்ன ஓய் சந்தேகம். தையிலயே வச்சுக்கலாம். அது சரி, உம்ம காதுல ஏதோ சொன்னாரே, என்ன உத்தரவாச்சு?"

"முகூர்த்தத்தைத் தள்ளிப் போட வேண்டாம்னார்" என்றேன்.

அவர் சாலையென்றும் பாராமல் காட்டுப் பக்கம் திரும்பி இன்னொரு முறை கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

பார்த்தா சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, இங்க ஒண்ணுமே இல்லை. என்னை ஆத்துக்கு அழைச்சுண்டு போயிடுங்கோ."