தேதி போடுடி

"இன்னுமா எழுதுறீங்க? வெரசா அனுப்புங்க" என்றான் கோகுல்.

கொடைக்கானல் பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டர் முன்னால் அவன் தங்கை சௌம்யா. பக்கத்தில் அவள் தோழி லாவண்யா. இருவரும் பூண்டு விளையும் பூண்டிக் கிராமத்துக்காரர்கள், ஒரே வகுப்பில் ஜெர்மன் படித்தவர்கள்.

ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு சௌம்யாவுக்கு இடம் கிடைத்திருந்தது. தேர்வுச் சான்றிதழை இன்றைக்குள் அனுப்ப வேண்டும். மலைப்பாதையில் மண்சரிவு, சான்றிதழ் இருந்த தபால் அடிவாரத்திலேயே கிடந்தது. அவகாசம் கேட்டு, அங்கே சேர்க்கை பார்க்கும் அம்மாவுக்கு மெயில் போட வந்திருந்தார்கள்.

சௌம்யா அடித்ததை லாவண்யா அழித்தாள்.

"ஏன்டி?"

"‘தெய்வம் மாதிரி நெனச்சு கேக்குறேன், கைவிட்றாதீங்க’ன்னு எழுதியிருக்க. ஆபீஸ் மெயிலுடி இது. அந்தம்மா பேரப் போட்டு ‘மதிப்புக்குரிய’ன்னு ஆரம்பி. மண்சரிவ ஒரே வரியில சொல்லு."

சௌம்யா மறுபடி அடித்தாள். லாவண்யா மறுபடி அழித்தாள்.

"எத்தன நாள் வேணும்னு எங்க?"

"‘உங்க இஷ்டம்போல கொடுங்க’ன்னு போட்ருக்கேன்ல. பெரியவங்ககிட்ட நாமளா நாள் சொல்றது மரியாதையா?"

"அங்க நாள் சொல்லலன்னா மெயிலத் தள்ளி வச்சிருவாங்க. தேதி போடுடி."

வெளியே பூண்டி பஸ் ஹாரன் அடித்தது. கோகுலுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா லாவண்யா, ஒனக்கு சீட் கெடைக்கலன்னு இவளையும் பூடு உரிக்கவே வச்சிரலாம்னு பாக்குறியா?"

சௌம்யா நிமிரவில்லை. அண்ணனைத் தடுக்கவும் இல்லை.

லாவண்யா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். கடைசி வரியில் ஒரு தேதியைச் சேர்த்தாள்.

"இப்ப அனுப்பு."

பஸ் போய்விட்டது. மூவரும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"வந்திருச்சுடி!" சௌம்யா திரையைத் தட்டிக் காட்டினாள். "நாம கேட்ட தேதியே கொடுத்துட்டாங்க."

"பஸ் போனா போகுது. டீ வாங்கியாறேன்" என்று ஓடினான் கோகுல்.

லாவண்யாவின் போன் ஒலித்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். சௌம்யா பிடுங்கிப் பார்த்தாள். அதே ஆஸ்பத்திரி, அதே அம்மா.

‘கடைசி இடத்துக்கு உரியவருக்கு அவகாசம் கொடுத்திருக்கிறோம். எனவே காத்திருப்போரில் முதலாவதாக உள்ள உங்களை அழைக்க இயலவில்லை. வருந்துகிறோம்.’

டீ கிளாஸ்களோடு வந்த கோகுல், தங்கையின் முகத்தைப் பார்த்து நின்றான்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடி?" என்றாள் சௌம்யா.

"தெரியாமயா அழிச்சு அழிச்சு எழுத வச்சேன்?" லாவண்யா டீயை வாங்கிக்கொண்டாள். "தேதி இல்லாமப் போயிருந்தா, சீட்டு எனக்குல்ல வந்திருக்கும்."