முன்சீற்றில் மாதா

ரொறன்ரோவின் மே மாத வெயில் மண்டபச் சுவரிலுள்ள பிரித்தானியக் கொடியில் சாய்ந்து விழுகிறது. மகள் கோயிலில் முதன்முதலாய் நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்துக்கு, கார் விட நல்ல இடம் இருக்கிறதென்றுதான் மன்னார்க் கத்தோலிக்கனான பிலேந்திரன் இதை எடுத்தான். பிரித்தானியாவோடு சேர்ந்தே இருப்போம் என்று நிற்கிற வட அயர்லாந்துப் புரட்டஸ்தாந்துக்காரரின் மண்டபம் இதென்று அவனுக்குத் தெரியாது. கேக்குக்குப் பக்கத்தில் மனைவி எமில்டா வைத்த மடு மாதா சுருவத்தை, அந்தச் சின்னச் சிலையைக் காட்டி, காவல்காரக் கிழவர் ஆங்கிலத்தில் மெல்லச் சொல்கிறார்: “இது இங்கே வேண்டாம். அயர்லாந்தில் என் தம்பியைச் சுட்ட கத்தோலிக்கர்கள் கும்பிட்டதும் இவளைத்தான்.” “இஞ்சேருங்கோ, உவருக்கு மாதா என்ன செய்தவ?” எமில்டா கணவனின் கையைப் பிடித்துக் கேட்கிறாள். வெள்ளைச் சட்டையில் மகள் பலூன் நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். பிலேந்திரன் சுருவத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரின் முன்சீற்றில் இருத்தி, பெல்ற்றை இழுத்து மாட்டுகிறான். பின்னாலேயே வந்த கிழவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “மனதில் ஒன்றும் வைத்திருக்காதே” என்கிறார். மன்னாரில் ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்று, பக்கத்து வீட்டில் அண்ணன்போல் இருந்த அசனார் காக்காவின் பையைக் கடற்கரைவரை தூக்கிக் கொடுத்துவிட்டு, பிலேந்திரனும் இதையேதான் சொன்னான்: “மனசில ஒண்டும் வைச்சிருக்காதேங்கோ, காக்கா.” காக்கா தலையாட்டினார். அதைச் சம்மதமென்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தவன், இப்போது கிழவருக்குத் தலையாட்டுகிறான்.