பொத்தான் மாட்டும் வீடியோ

“சட்டைக்குப் பொத்தான் மாட்டுறதெல்லாம் ஒரு வீடியோவாடி? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்!” லேத் பட்டறைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான். திரும்புங்க” என்று போனை நீட்டினாள் மனைவி.

“நேத்து மாதிரியே அழிச்சிடுவேன்.”

“அதுக்குத்தான் போன் என்கிட்ட இருக்கு.”

வேர்த்துக் கொட்ட, கீழ்ப் பொத்தானில் தொடங்கிக் கழுத்துவரை மாட்டி முடித்தார். வீடியோ ஏறியது. சாயங்காலம்வரை அவர் போன் பக்கமே போகவில்லை. வந்திருந்த முதல் பதிலை மனைவிதான் சத்தமாகப் படித்தாள்.

“அண்ணே, விபத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் பொண்டாட்டியைக் கூப்பிடாம நானே சட்டை போட்டேன். எனக்கும் ஒத்தைக் கைதான்.”

பட்டறைக்காரர், வெறுமனே தொங்கிய இடது சட்டைக்கையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்து ஷூ கயிறு கட்டுறதை எடுக்கலாம். போனை ஆட்டாமப் பிடிடி!”